எனக்கு மூன்று வீட்டுக்காரர்கள்

குடிபோய் நாற்பது நாள் ஆகியிருக்கும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தால், குளியலறை மேற்கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. முந்தின நாள் அது இருந்ததா இல்லையா என்று எனக்கும் என் கணவருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். மறுநாள் அதற்கும் இடமில்லாமல் போனது. கறையின் நடுவிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

ஓனருக்குப் போன் செய்தேன். "அது பில்டிங் பைப்மா. மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல சொல்லிடுங்க, அவங்க பார்த்துப்பாங்க" என்றார். ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "மேடம், நீங்க டெனன்ட். கம்ப்ளெயின்ட் உங்க ஓனர் பேர்ல வரணும். அதுவும் மேல் வீட்டு பாத்ரூம் சமாச்சாரமா இருந்தா அது அந்த ஓனர் பாடு" என்றார். மாடியேறிப் போய் மேல் வீட்டு மணியை அடித்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "அக்கா, நாங்களும் வாடகைதான்" என்றாள்.

நாங்கள் குடிபோனது காண்டோ, அதாவது வீட்டுக்கு ஒரு ஓனர் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடம். காண்டோ என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் நான் இருந்ததெல்லாம் தனி வீடுகளின் மாடிப் பகுதிகள். குழாய் உடைந்தாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் ஒரே ஓனரைத்தான் கேட்க வேண்டும். சண்டையோ சமாதானமோ ஒரே ஆளோடு முடிந்துவிடும். காண்டோவில் ஓனருக்குத் தனியாகச் சொந்தமானது பெரும்பாலும் நான்கு சுவருக்கு உள்ளே இருப்பது மட்டும்தான். பல வீடுகளுக்குப் போகும் பொதுக் குழாய், லிஃப்ட், படிக்கட்டு, வெளிச்சுவர், மொட்டை மாடி எல்லாம் எல்லா ஓனர்களுக்கும் பொது. அதை நிர்வகிப்பது ஓனர்கள் எல்லாரும் சேர்ந்த அசோசியேஷன். 'கூட்டுரிமை வீடு' என்று தமிழில் எழுதுகிறார்களே, அது சரியான பெயர். ஆனால் அந்தக் கூட்டில் வாடகைக்கு இருப்பவருக்குப் பங்கு கிடையாது. மீட்டிங்கில் ஓட்டு இல்லை. விதிகள் மட்டும் அப்படியே நமக்கும் உண்டு.

காண்டோமினியம் என்ற சொல்லுக்கே கூட்டு ஆட்சி என்றுதான் பொருள். இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு நிலத்தை ஆண்டாலும் இதே பெயர். இன்று வனுவாட்டு என்று அழைக்கப்படும் பசிபிக் தீவுகளை, நியூ ஹெப்ரிடீஸ் என்ற பெயரில், 1906 முதல் 1980 வரை பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. இரண்டு போலீஸ், இரண்டு சட்டம், இரண்டு சிறை. குளியலறையில் வாளி வைத்துவிட்டு ஆபீஸுக்கும் மேல் வீட்டுக்குமாக ஏறி இறங்கியபோது அந்தத் தீவுக்காரர்களின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

தமிழில் வீட்டுக்காரர் என்றால் கட்டிய கணவரும் அவர்தான், வாடகை வாங்குபவரும் அவர்தான். அந்தக் கணக்கில் எனக்கு மூன்று வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டது. முதல் இருவரையாவது போன் போட்டுத் திட்டலாம். மூன்றாவதான அசோசியேஷனுக்கு ஆபீஸ் நேரம் உண்டு.

சரி, கறைக்கு வருகிறேன். என் மாமா பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்பவும் சொட்டுதா, இல்ல நேரம் பார்த்துச் சொட்டுதா?" அதில் பாதி விடை இருந்தது. தண்ணீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அதில் கசிவு என்றால் மேல் வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் இரவு பகலாகச் சொட்டும். கழிவுநீர் போகும் குழாயிலோ தரைக்கு அடியில் போட்ட வாட்டர் புரூஃபிங்கிலோ கோளாறு என்றால், அங்கே யாராவது குளித்த பிறகுதான் சொட்டும், அதுவும் கொஞ்சம் தாமதித்து. முதல் வகையில் பொதுக் குழாயாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது வகை பெரும்பாலும் மேல் வீட்டு ஓனர் தலையில் விழும்.

"ஒரு பென்சிலை எடுத்துக் கறையோட ஓரத்தைச் சுத்திக் கோடு போடு. தேதி எழுது. தினமும் போடு" என்றார் மாமா. ஸ்டூல் மேல் ஏறி நின்று ஆறு நாள் போட்டேன். மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்கள் போல ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஆறு கோடுகள், பக்கத்தில் என் கோணல் எழுத்தில் தேதிகள். சொட்டும் நேரத்தையும் போனில் குறித்துக்கொண்டே வந்தேன். காலை ஏழேகாலிலிருந்து எட்டரை வரை, அப்புறம் இரவு ஒன்பதை ஒட்டி. நடுப்பகலில் ஒரு சொட்டு கிடையாது. மேல் வீட்டுப் பெண்ணிடம் கேட்டால், அவர்கள் குளிப்பது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், குழந்தையைக் குளிப்பாட்டுவது இரவு எட்டரைக்கு.

அந்தப் போட்டோவையும் குறிப்பையும் வைத்து ஒரு மெயில் எழுதி, ஓனருக்கும் மேனேஜ்மென்ட் ஆபீஸுக்கும் ஒரே மெயிலாக அனுப்பினேன். அதுவரை தனித்தனியாகப் போனில் பேசியபோது ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். இருவர் பெயரும் ஒரே மெயிலில் இருந்ததும் இரண்டாம் நாளே சூப்பர்வைசர் வந்தார். மேல் வீட்டுக் குளியலறையின் தரை வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தார். எங்கள் பக்கம் நன்றாகவே சொட்டியது. வாட்டர் புரூஃபிங்தான். மேல் வீட்டு ஓனர் செலவில் டைல்ஸைப் பெயர்த்து வேலை முடிய, கறையைப் பார்த்த நாளிலிருந்து 53 நாள். எங்கள் கூரைக்கு வெள்ளை அடிப்பதற்கு முன் நன்றாகக் காயவிடச் சொன்னார் மாமா. எங்கள் ஓனர் அனுப்பிய பெயின்டர் காயவிடவில்லை. கறை திரும்ப எட்டிப் பார்த்தது.

இதற்கு அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. போனில் என்ன பேசினாலும் அன்றைக்கே இரண்டு வரி மெயில்: இன்று இன்னது சொன்னேன், நீங்கள் இன்னது சொன்னீர்கள். என் கணவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், இதமான காற்று. ஏஜென்ட் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது என்பதை நாங்கள் கவனித்தோம், ஆனால் அது எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. குடிவந்த பிறகு தெரிந்தது. மூன்று மணிக்கு வெயில் உள்ளே வரும். ஆறு மணிக்குப் போய்விடும். ஆனால் சூடு போகாது. கான்கிரீட் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடுகிறது. ஆக, நாம் படுக்கப் போகும் பத்து மணிக்குத்தான் படுக்கையறைச் சுவர் தொட்டால் சுடும். கனமான திரைச்சீலை வாங்கினோம். பெரிய பலன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரை என்ன செய்யும்? வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். பால்கனியில் மூங்கில் தட்டி கட்டலாம் என்றால், வெளித்தோற்றம் அசோசியேஷனுக்குச் சொந்தம், ஒரே நிறத்தில்தான் இருக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஓனர் கையெழுத்து வேண்டும். கடைசியில் அவர்கள் சொன்ன சாம்பல் நிறத்தில் சுருட்டுத் திரை மாட்ட ஐந்து வாரம் ஆனது.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது, ஒரு வீட்டை மூன்று வேளையில் பாருங்கள் என்பது. ஏஜென்ட் முனகுவார், முனகட்டும். சாயங்காலம் நாலு மணி வெயிலுக்கு. இரவு ஒன்பதரை மணி சத்தத்துக்கும் பார்க்கிங்குக்கும். வேலை நாள் காலை, லிஃப்டுக்கு. இருபது மாடிக்கு இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று ரிப்பேர் என்றால் காலை எட்டரை மணிக்கு என்ன ஆகும் என்பதை மாலையில் வந்து பார்த்தால் தெரியாது.

உள்ளே நுழைந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல், லிஃப்ட் பக்கத்திலுள்ள நோட்டீஸ் போர்டைப் பத்து நிமிடம் படியுங்கள். ஏஜென்ட் கையே படாத ஒரே விளம்பரம் அது. எங்கள் கட்டடத்தில் இருந்ததை நான் பிறகு நிதானமாகப் படித்தேன்: தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் தேதி, மேலிருந்து சிகரெட் துண்டு எறிய வேண்டாம் என்ற மூன்றாவது எச்சரிக்கை, வெளிச்சுவர்ப் பெயின்ட் வேலைக்கு ஓனர்களிடம் தனித் தொகை வசூல். அந்தப் பெயின்ட் நோட்டீஸை முன்பே படித்திருந்தால், குடிவந்த நாலாவது மாதம் பால்கனிக்கு வெளியே சாரம் கட்டி, பதினோரு வாரம் ஜன்னலைத் திறக்க முடியாமல் கிடந்திருக்க மாட்டோம். குறைந்தபட்சம் அதைச் சொல்லி வாடகையையாவது கொஞ்சம் பேசிப் பார்த்திருப்பேன்.

சுற்று வட்டாரத்துக்கும் இதே பார்வைதான். பக்கத்தில் காலி மனை இருந்தால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம். நாளைக்கு அங்கே அஸ்திவாரத் தூண் இறக்கும் இயந்திரம் வரலாம். குப்பை லாரி எந்தப் பக்கம் வந்து நிற்கிறது, எத்தனை மணிக்கு என்று காவலாளியைக் கேளுங்கள். பஸ் நிறுத்தம் "அஞ்சு நிமிஷம்" என்றால் அது யார் காலால் என்று கேட்க வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதற்கென்றே விதி வைத்திருக்கிறார்கள்: 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் 400 மீட்டர். அவர்களுடைய கணக்கிலும் சிக்னலில் நிற்கும் நேரம் சேராது. நான் இப்போதெல்லாம் வீட்டுக் கதவிலிருந்து, லிஃப்டுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து, கையில் பையோடு நடந்து பார்க்கிறேன்.

இந்த வீட்டுக்கு முன்பு ஒரு கடைசி மாடி வீட்டைப் பார்த்தோம். அழகென்றால் அழகு. ஷவரைத் திறந்தால் நூல் நூலாக வந்தது. தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வருகிற கட்டடத்தில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு மூன்றே மீட்டர் கீழே இருக்கும் வீட்டுக்கு 0.3 பார்தான். தனியாக பூஸ்டர் பம்ப் வைத்திருந்தால் ஒழிய, அங்கே ஷவர் பெயருக்குத்தான். இதைச் சோதிக்க ஒரு வாளி போதும். பத்து லிட்டர் வாளி ஷவரில் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் நன்றாக இழுத்தால் யோசிக்க வேண்டும். குளியலறையில் கழிவு நாற்றம் அடித்தால் மட்டும் உடனே ஓடிவிட வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், குழாயின் காற்று மேலே வரும். இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றி மறுநாள் வந்து பாருங்கள். போய்விட்டிருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. ஊருக்குப் போகும்போது அந்தத் தண்ணீர் மேல் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் அவ்வளவு சீக்கிரம் வற்றாது.

ஒப்பந்தம் போடும்போது எல்லாரும் வாடகையையும் அட்வான்ஸையும் நாலு தடவை படிப்பார்கள். நான் அதோடு அசோசியேஷன் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டும். நாய் பூனை வளர்க்கலாமா, ஆணி அடிக்க, துளை போட எந்த நேரம், விருந்தாளி வண்டிக்கு இடம் உண்டா, பால்கனியில் துணி காயப்போடலாமா, எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஓனர் "அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றால், சொல்லப்போவது அவர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொத்துப் பத்திரத்திலோ வரி ரசீதிலோ இருக்கும் பெயரும், பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சாவியைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். சின்ன ரிப்பேர் யார் செலவு, எந்தத் தொகை வரை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது என்ற வரியும் முக்கியம். எங்கள் ஒப்பந்தத்தில் ஓனர் கட்டுவார் என்று தெளிவாக இருந்தது. அவர் கட்டவில்லை என்பதுதான் சிக்கல். ஒரு நாள் உடற்பயிற்சி அறைக் கதவில் என் கார்டு வேலை செய்யவில்லை. இரண்டு முறை தேய்த்தேன், பின்னால் நின்ற பெரியவர் அவர் கார்டால் திறந்துவிட்டார். ஆபீஸில் கேட்டால், எங்கள் வீட்டுக் கணக்கில் ஏழு மாதம் பாக்கியாம், அதனால் வசதிகள் நிறுத்தம். நான் மாதம் முதல் தேதி தவறாமல் வாடகை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்! ஓனருக்கு மெயில் போட்டு, அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்: பாக்கி விழுந்தால் நான் நேரடியாக அசோசியேஷனில் கட்டி வாடகையில் கழித்துக்கொள்வேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுகூட நினைக்கிறேன்.

குடிவந்த நாள் கதையை இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, லாரி கேட்டில் வந்து நிற்கிறது, மேலே பீரோ, கட்டில், நாற்பது அட்டைப் பெட்டி. காவலாளி நிதானமாக வெளியே வந்தார். "சர்வீஸ் லிஃப்ட் புக் பண்ணியாச்சாம்மா?" புக் பண்ண வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. "ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்த விட மாட்டாங்கம்மா. லிஃப்டுக்குள்ள துணி கட்டணும், டெபாசிட் கட்டணும், ஆபீஸ் லீவு." என் கணவர் ஏதோ பேச வாயெடுத்தார். "நான் என்ன பண்ணட்டும் தம்பி, என் வேலை போயிடும்" என்றார் அவர். லாரி ஒரு நாள் கூடுதல் வாடகையோடு வெளியே நின்றது. நாங்கள் பாயை விரித்து வெறும் தரையில் படுத்தோம். மறுநாள் ஆபீஸில் டெபாசிட் கட்டிவிட்டு, ஏற்றுவதற்கு முன்னால் லிஃப்டின் உட்சுவரைப் போட்டோ எடுத்தேன். அது மட்டும் உருப்படியான வேலை. ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள், போட்டோவைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

மின்சார மீட்டர் விஷயம் தெரியவர மூன்று மாதம் ஆனது. முதல் பில் அதிகம் என்று பட்டது. புது வீடு, ஏசி, சரி என்று விட்டோம். இரண்டாவது மாதம் ஒன்பது நாள் ஊரில் இல்லை, பில் இன்னும் கூடி வந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்குள் ஒன்றையும் திறக்கவில்லை. "மெயினை ஆஃப் பண்ணிட்டு வாங்கம்மா" என்று என்னைக் கீழே மீட்டர் அறைக்குக் கூட்டிப் போனார். வரிசையாக முப்பது நாற்பது மீட்டர்கள். எங்கள் வீட்டு எண் எழுதியிருந்த மீட்டரின் சிவப்பு விளக்கு, மெயினை அணைத்த பிறகும் சுறுசுறுப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மீட்டர் அசையாமல் நின்றது. அது எதிர்வீட்டு எண். எப்போதோ அந்த அறைக்குப் பெயின்ட் அடித்தபோது எண்களை இடம் மாற்றி எழுதியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். உறுதி செய்துகொள்ள மேலே போய் 2000 வாட் கீசரை மட்டும் போடச் சொன்னார். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், இதில் 1000. அப்படியென்றால் அந்த கீசருக்கு 1.8 நொடிக்கு ஒரு சிமிட்டல். எதிர்வீட்டு மீட்டர் சரியாக அந்தத் தாளத்தில் சிமிட்ட ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அங்கிள் நல்ல மனிதர். பழைய பில்களை எடுத்து வந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, வித்தியாசத்தைக் கையில் கொடுத்தார். "பில்லு கம்மியா வருதேன்னு நாங்க ஏசியைக் கொஞ்சம் தைரியமாப் போட்டுட்டோம்மா" என்றார். குடிபோன அன்றே மெயினை அணைத்து எந்த மீட்டர் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தண்ணீர் மீட்டர் தனியாக இருந்தால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். எங்களுக்கு இரவு பதினொன்றரைக்கு நாற்காலி இழுக்கும் சத்தம். மேல் வீட்டுக்காரர்கள்தான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அவர்கள் ஊரில் இல்லை, சத்தம் மட்டும் நேரம் தவறாமல் வந்தது. தரையில் இடிக்கும், இழுபடும் சத்தம் கான்கிரீட் வழியாகப் பக்கவாட்டிலும் பயணிக்கும். தலைக்கு மேல் கேட்டாலும் கோணத்தில் இருக்கும் வீட்டிலிருந்து வரலாம். பேச்சு, டிவி மாதிரிக் காற்றில் வரும் சத்தத்துக்குக் கதவு இடுக்கை அடைத்தால் குறையும். இந்த வகை சத்தத்தைப் பிறக்கும் இடத்தில்தான் அடக்க வேண்டும். நாற்காலிக் கால்களில் ஒட்டும் ஃபெல்ட் வில்லைகள் இரண்டு பாக்கெட் வாங்கி, மேல் வீட்டுக்கு ஒன்று, அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா, "அய்யோ, எங்க பையன் ராத்திரி உக்காந்து படிப்பான், உங்களுக்கு வரைக்குமா கேக்குது?" என்று பதறினார். அன்றோடு நின்றது.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. ஒரு நாள் கீழ்வீட்டுப் பாட்டி மூச்சு வாங்க வந்து, "ஏம்மா, ராத்திரி உங்க வீட்டுல ஹெலிகாப்டர் இறங்குதா?" என்று கேட்டார். எங்கள் வாஷிங் மெஷின். ஒரு கால் தரையில் சரியாகப் பதியாமல் ஆடியிருக்கிறது. காலைத் திருகிச் சமன் செய்தோம், ராத்திரியில் போடுவதையும் விட்டோம்.

மூன்று வருடம் கழித்துக் காலி செய்தபோது ஓனர் நேரில் வந்தார். பால்கனிக் கதவருகே தரையில் நீளமாக ஒரு கீறல். குனிந்து விரலால் தடவிப் பார்த்து, "இது முன்னாடி இல்லையேம்மா" என்றார். வந்த அன்றே சாமான் இறக்குவதற்கு முன்னால் 140 போட்டோவும் அறை அறையாக ஒரு வீடியோவும் எடுத்து அவருக்கே மெயிலில் அனுப்பியிருந்தேன். தேடி எடுத்துக் காட்டினேன். கீறல் இருந்தது, பக்கத்தில் அளவுக்கு வைத்த என் சாவிக்கொத்தோடு. பெயின்ட் மங்கியிருப்பதும் கதவுக் கைப்பிடி தேய்ந்திருப்பதும் புழக்கத்தில் வரும் தேய்மானம், அதற்குப் பிடித்தம் செய்ய மாட்டேன் என்று அவரே சொன்னார். நாங்கள் உடைத்த ஒரு டைலுக்கும் ஆணி அடித்த மூன்று ஓட்டைக்கும் கழித்துக்கொண்டார், நியாயம்தான். குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். சாரம் கட்டின வருடம் இரண்டாவது கோட் அடித்தும், உற்றுப் பார்த்தால் என் பென்சில் தேதிகளில் ஒன்று லேசாகத் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதே அடுத்தவர்கள் பார்க்க வந்துவிட்டார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், காலை பதினோரு மணி. ஏஜென்ட் வழக்கம்போல் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். காற்று வந்தது. அந்தப் பெண் ஜன்னலருகே நின்று முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லா வெளிச்சமா இருக்குல்ல?" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இந்த ரூம் எப்படிக்கா, சூடா இருக்குமா?" என்றாள். ஓனர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அட்வான்ஸ் பணம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

"சாயங்காலம் ஒரு நாலு மணிக்கு இன்னொரு தடவை வந்து பாரும்மா" என்றேன்.